ஆக்டனின் இரண்டு ஊர்கள்

சிகாகோ என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர்களுக்கு 1893 ஆம் ஆண்டின் சர்வமத மகாசபையும், அங்கே காவியுடுத்தி நின்று பேசிய விவேகானந்தரும், அவரை அந்தப் பிரயாணத்துக்கு ஊக்கப்படுத்திய சேதுபதி மன்னரும் வரிசையாக நினைவுக்கு வருவது வழக்கம். அந்த வழக்கத்துக்கு நானும் விலக்கல்லன் என்றாலும், இம்முறை அவ்வூருக்கு நான் போனது வேறொருவரைத் தேடிக்கொண்டு. அவர் அந்த மகாசபைக்குப் பதினாறு ஆண்டு முன்பே காலமானவர். மகானென்றோ மகாவீரரென்றோ யாரும் கொண்டாடாதவர். நிலம் வாங்கி விற்றவர், மரம் அறுத்து விற்றவர், ரயில் பாதை போட்டவர், இடையில் ஓராண்டுக் காலம் நகரசபைக்குத் தலைமை வகித்தவர். வில்லியம் பட்லர் ஆக்டன் என்னும் அந்தப் பிரமுகர்தாம் சிகாகோவின் முதல் மேயர்.

சிகாகோவுக்குப் போகிறவர்கள் ஆற்றில் படகேறி இருகரையிலும் வானளாவி நிற்கும் கட்டடங்களை அண்ணாந்து பார்த்து வருவது அவ்வூரின் சம்பிரதாயம். நானும் ஏறினேன். வழிகாட்டியாக வந்த இளைஞன் கண்ணாடிக் கோபுரங்களின் உயரத்தையும் அவற்றை வரைந்த சிற்பிகளின் பெயர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். படகு ஏரியின் முகத்துவாரத்தை நெருங்கியபோது, ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்த குறுகிய நீர்த்துறையைச் சுட்டி, 'இது ஆக்டன் துறை' என்று சொல்லிவிட்டு அடுத்த கோபுரத்துக்குத் தாவிவிட்டான். சதுரங்கப் பலகைபோல நேர்நேராக வகுக்கப்பட்ட அந்நகரத்தின் தெருக்களைத் தென்மேற்காகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நெடுஞ்சாலை ஒன்றும் ஆக்டன் பெயரால் வழங்குகிறது. அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மனிதரைத் தெரியும் என்று விசாரித்துப் பார்த்தேன். நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம் ஊர்த் தெருப் பெயர்களின் கதியும் அதுதானே.

ஆக்டன் பிறந்தது 1805 இல், நியூயார்க் மாகாணத்து வால்டன் என்ற மலையடிவாரத்துச் சிற்றூரில். தகப்பனார் மர வியாபாரி. அவர் நோயில் விழுந்தபோது, மீசை முளைக்காத வயதில் குடும்ப வியாபாரத்தின் பாரம் முழுவதும் பையனின் தலையில் இறங்கிற்று. வாலிபத்தில் சாரா நார்த் என்ற பெண்ணை மணப்பதாக நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவள் இறந்துபோனாள். அதன்பின் ஏறக்குறைய எழுபது வயது வரையில் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. முப்பதாவது வயதில் மாகாணச் சட்டசபையில் அமர்ந்து, ரயில் பாதைகளுக்கு அரசாங்கம் உதவ வேண்டுமென்று வாதாடினார். அவ்வாண்டே, அதாவது 1835 இல், அவருடைய வாழ்க்கையை அடியோடு மாற்றிய காரியம் ஒன்று நேர்ந்தது. சகோதரியின் கணவரான சார்லஸ் பட்லர் மேற்கே சிகாகோ என்ற இடத்தில் ஒரு லட்சம் டாலர் பெறுமான நிலத்தைக் கிரயத்துக்கு வாங்கியிருந்தார்; அதைப் போய்ப் பார்த்து, மனைகளாகப் பிரித்து விற்றுத் தரும் பொறுப்பை மைத்துனரிடம் ஒப்படைத்தார்.

வந்து பார்த்த ஆக்டன் திகைத்தார். மழை பெய்து ஓய்ந்திருந்த அந்நிலத்தில் கால் வைத்த இடமெல்லாம் சேறு. புதரும் கோரையும் மண்டிய சதுப்பில் நடந்து அலுத்தவர், பெரிய மதியீனம் செய்துவிட்டீர்கள் என்ற கருத்துப்பட மைத்துனருக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டு ஊருக்குத் திரும்பவில்லை என்பதில்தான் அவருடைய சுபாவம் தெரிகிறது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, தெருக்களை அளந்து, கோடைக்காலத்தில் ஏலம் போட்டார். அவ்வருஷம் அரசாங்க நில விற்பனைக்காகக் கிழக்கிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்து குவிந்திருந்தவர்கள் போட்டிபோட்டு வாங்கியதில், மூன்றில் ஒரு பங்கு மனை விற்றபோதே முதல் போட்ட லட்சம் டாலரும் கைக்கு வந்துவிட்டது. ஆக்டனுக்குச் சந்தோஷத்தைவிட ஆச்சரியமே அதிகம்; இந்த விலையில் அறிவுக்கு ஒத்தது எதுவும் இல்லையென்றே அவர் அப்போது கருதினார்.

அதே 1835 ஆகஸ்டு மாதத்தில் அதே ஊரில் நடந்த மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஏரிக்கரையைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டுவந்த பொட்டாவாட்டமி மக்கள் 1833 உடன்படிக்கையின்படி தம் நிலத்தை விட்டு மிசிசிப்பி நதிக்கு மேற்கே போகவேண்டியவர்களாகி, புறப்படுவதற்கு முன் ஏறத்தாழ எண்ணூறு வீரர்கள் உடம்பில் வர்ணம் பூசிக்கொண்டு, முரசறைந்து, ஊரின் தெருக்களின் வழியே கடைசி முறையாகத் தங்கள் போர்நடனத்தை ஆடிச் சென்றார்கள். குடியேறிய வெள்ளையர்கள் மாடி ஜன்னல்களில் நின்று நடுக்கத்தோடு வேடிக்கை பார்த்தார்கள். ஒரே கோடையில் ஒரு பக்கம் ஏலக்காரனின் மணி, இன்னொரு பக்கம் விடைபெறுவோரின் முரசு. பட்டணங்களின் பிறப்பு விருத்தாந்தத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முன்னதை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வது வருந்தத்தக்கது.

1837 மார்ச் மாதம் சிகாகோவுக்கு நகர அந்தஸ்து கிடைத்தது, ஜனத்தொகை 4,170. மே மாதம் நடந்த தேர்தலில் டெமாக்ரடிக் கட்சியின் சார்பில் நின்ற ஆக்டன், அவ்வூரின் பழங்குடும்பத்தவரான விக் கட்சிக்காரர் ஜான் கின்சியைத் தோற்கடித்தார். வந்து இரண்டாண்டுகூட நிறையாத ஓர் அந்நியர், ஊரில் பிறந்து வளர்ந்த குடும்பத்தை வென்றுவிட்டார் என்றால், அங்கே எல்லோருமே அந்நியர்கள் என்பதுதான் காரணம். மேயரான கையோடு நாடெங்கும் பணநெருக்கடி வந்து சேர்ந்தது. பாங்கிகள் கதவடைத்தன, நேற்று ஆயிரம் டாலருக்குப் போன மனையை இன்று சீந்துவார் இல்லை, கடனில் மூழ்கிய ஜனங்கள் சபை கூட்டி, கோர்ட்டுகளை மூட வேண்டும், கடன்களைத் திருப்பித் தர முடியாது என்று அறிவிக்க வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். ஆக்டனும் அப்போது கடனாளிதான். அவர் எழுந்து நின்று, ஊர் தோன்றிய ஆண்டிலேயே அதன் நாணயத்தைக் கெடுத்துவிடாதீர்கள், பொறுத்திருந்து கொடுப்போம் என்று எடுத்துச் சொல்லிக் கூட்டத்தைத் திருப்பினார். அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். நாணயம் போனால் நாளைக்கு எந்த வெளியூர்ப் பணக்காரன் இந்த ஊரில் முதல் போடுவான் என்ற கணக்கும் அதில் இருந்தது. கணக்கு இருந்ததால் அந்தச் செயலின் மதிப்பு குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை.

உண்மையில் ஆக்டனிடத்தில் ஊர்நலம் எங்கே முடிகிறது, சுயநலம் எங்கே தொடங்குகிறது என்று வரம்பு கட்டுவது அசாத்தியம். ஆற்றுப்பாலங்களின் கதையைப் பாருங்கள். டியர்பார்ன் தெருவில் இருந்த பழைய பாலம் கப்பல்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று 1839 இல் நகரசபை அதை இடித்துவிட உத்தரவிட்டது. உத்தரவு எங்கே மாறிவிடுமோ என்று பயந்த தென்கரை வியாபாரிகள் விடியுமுன்பே கோடரியோடு வந்து பாலத்தை வெட்டிச் சாய்த்தார்கள். வடகரைக்குப் பாலம் இருந்தால் சரக்கு வண்டிகள் அந்தப் பக்கம் போய்விடுமே என்ற அசூயை. வடகரையில் நிலம் வைத்திருந்தவர்கள் ஆக்டனும் நியூபெரி என்ற இன்னொருவரும். புதிய பாலத்துக்கு வாக்குச் சேர்க்க வேண்டியிருந்த சமயத்தில் அவ்விருவரும் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வடகரையிலேயே விஸ்தாரமான மனையைத் தானமாகக் கொடுத்தார்கள் என்று பழைய சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பாலம் 1840 இல் கிளார்க் தெருவில் வந்தது. படகு வரும்போது விலகிக்கொள்ளும் அந்தச் சுழல்பாலத்தைத் திட்டமிட்டவரும் ஆக்டனே என்பர். தானம் கொடுத்த மனையில் இன்று திருநாமப் பேராலயம் நிற்கிறது. நான் உள்ளே போனபோது பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பாலமும் நல்லது, கோயிலும் நல்லது. ஆக்டனின் மனைகளுக்கும் விலை ஏறிற்று. இதில் யாரை எதற்காகக் குறை சொல்வது?

லிங்கன் பூங்காவின் ஓரத்தில் உள்ள சிகாகோ சரித்திரக் காட்சிச்சாலையில், மாடியில், 'பயனியர்' என்ற பெயர் கொண்ட நீராவி எஞ்சின் ஒன்று நிற்கிறது. இக்காலத்து ரயில் எஞ்சினோடு ஒப்பிட்டால் விளையாட்டுச் சாமான் என்றே தோன்றும். பெரிய சக்கரம் பக்கத்துக்கு ஒன்றே. மெலிந்து நீண்ட புகைபோக்கி. ஓட்டுகிறவர் வெயிலிலும் பனியிலும் திறந்த வெளியில் நின்றுதான் ஓட்டியிருக்க வேண்டும். 1848 அக்டோபரில் கப்பலில் வந்திறங்கிய இந்த எஞ்சின் அப்போதே வேறு கம்பெனிகளிடம் உழைத்து ஓய்ந்த பழைய சரக்கு. தண்டவாளமும் பழையதுதான், மரச்சட்டத்தின்மேல் இரும்புப் பட்டையை அறைந்த வகை. கலீனா–சிகாகோ யூனியன் ரயில் பாதைக்குத் தலைவராகிய ஆக்டன் கிழக்கே போய்ப் பணக்காரர்களிடம் கேட்டபோது, முதலில் உங்கள் ஊரில் திரட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உள்ளூர்க் கடைக்காரர்களோ, ரயில் வந்தால் குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வரமாட்டார்கள், தங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று எதிர்த்தார்கள். ஆகவே ஆக்டனும் அவருடைய சகாவாகிய ஸ்காமன் என்ற வக்கீலும் குதிரையேறிக் கிராமம் கிராமமாகப் போய், கோதுமை விளைவிக்கும் குடியானவர்களிடம் பங்குகளை விற்றார்கள். கொஞ்சங் கொஞ்சமாகத் தவணையில் கட்டலாம் என்று ஏற்பாடு. வெண்ணெயும் முட்டையும் விற்றுச் சேர்த்த காசைக் குடியானவப் பெண்கள் அதில் போட்டார்களாம். முதல் வண்டி ஊரைவிட்டு எட்டு மைல் மேற்கே போய்த் திரும்பியபோது, வழியில் மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்த ஒரு குடியானவனின் கோதுமையை ஏற்றிக்கொண்டு வந்தது. அந்த எஞ்சின் முன் நின்றபோது, கடைக்காரர்கள் எதற்குப் பயந்தார்களோ அது நடந்தது என்பதும், ஆனால் அதனால் கடைகள் படுத்துவிடவில்லை, ஆயிரமாயிரமாகப் பெருகின என்பதும் ஒருங்கே நினைவுக்கு வந்தன.

பிற காரியங்களைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். அறுவடை இயந்திரம் கண்ட மெக்கார்மிக் சிகாகோவில் தொழிற்சாலை வைக்க ஆக்டன் 25,000 டாலர் முதல் போட்டுக் கூட்டாளியாகி, இரண்டாண்டில் நல்ல லாபத்தோடு விலகிக்கொண்டார். ஆற்றின் வடகிளைக்கு அருகே வெட்டிய கால்வாய், நடுவிலிருந்த நிலத்தைக் கூஸ் தீவு என்ற தீவாகவே ஆக்கிவிட்டது. ரஷ் மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவர் அவரே. பசிபிக் சமுத்திரத்தை நோக்கிப் போகும் யூனியன் பசிபிக் ரயில்வே 1862 இல் ஸ்தாபிதமானபோது அதன் முதல் தலைவரும் அவரே. ஓராண்டில் பதவியை விட்டார். அடிமை ஒழிப்பைக் கொள்கையளவில் மறுக்காதவர், லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை மட்டும் காலத்துக்கு முந்தியதென்று சொல்லி அரசியலிலிருந்து ஒதுங்கினார். கணக்கில் ஒருநாளும் தவறாத அந்த மனிதர் இங்கே தவறினார் என்பது என் அபிப்பிராயம்.

ரஷ் தெருவும் ஒண்டாரியோ தெருவும் கூடும் இடத்தில் ஒரு முழுச் சதுரத்தை அடைத்துக்கொண்டு தோப்பும் தோட்டமுமாக அவருடைய மாளிகை இருந்தது. அது இருந்த இடத்தில் இன்று ஹோட்டல்களும் கடைகளும். சற்று வடக்கே நியூபெரி நூல்நிலையம் கம்பீரமாக நிற்கிறது. அந்த இடத்தில்தான் ஆக்டனின் தம்பி மாலனின் மரவீடு இருந்தது. 1871 அக்டோபர் 8 ஆம் தேதி ஞாயிறு இரவு மூண்ட பெருந்தீ, மூன்றாம் நாள் அடங்குவதற்குள் சுமார் 300 உயிர்களையும் 17,000 க்கு மேற்பட்ட கட்டடங்களையும் விழுங்கி, ஒரு லட்சம் பேரை வீடற்றவர்களாக்கியது. அத்தீயின் நட்டநடுவே, நனைத்த ஜமக்காளங்களாலும் கம்பளிகளாலும் கூரையையும் சுவரையும் மூடிக் காப்பாற்றிய தம்பியின் வீடு தப்பி நின்றது. நியூயார்க்கிலிருந்து ஓடிவந்த ஆக்டன் பத்தாம் தேதி மாலை இருட்டில், புகை கக்கும் தெருக்களின் வழியே வழிதெரியாமல் தடுமாறி, கருகிய மரங்களையும் இடிந்த அடித்தளச் சுவரையும் பார்த்துத்தான் முப்பது வருஷம் வாழ்ந்த வீடு இது என்று அடையாளம் கண்டார்.

ஆனால் அவருக்குச் சொந்தமான இன்னோர் ஊரும் அதே ஞாயிற்றுக்கிழமை இரவில் எரிந்து போயிருந்தது. விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள பெஷ்டிகோ என்ற அவ்வூரைப் பார்ப்பதற்காகத்தான் நான் வடக்கே புறப்பட்டேன்.

சிகாகோவிலிருந்து பெஷ்டிகோவுக்கு ஏறக்குறைய 250 மைல். மில்வாக்கி தாண்டும் வரையில் ஊர் விட்டால் ஊர். அதன்பின் வலப்புறத்தில் அவ்வப்போது மிச்சிகன் ஏரி தலைகாட்ட, இடப்புறத்தில் சோளக்கொல்லைகளும் சிவப்பு வர்ணம் பூசிய மாட்டுக்கொட்டகைகளும் வந்துகொண்டிருக்கும். கிரீன்பே நகரத்தைக் கடந்ததும் ஊசியிலை மரங்கள் சாலையை நெருங்கிவிடும். இந்த வழியில்தான், ஏரியின் மேல் பாய்க்கப்பல்களில், விஸ்கான்சின் காட்டுத் தேவதாரு முழுவதும் சிகாகோவுக்குப் போயிற்று. சிகாகோவின் வீடு மரம், கூரை மரம், நடைபாதை மரம், சில தெருக்களின் தளங்கூட மரக்கட்டை. காட்டை வெட்டி அனுப்பிய கம்பெனியும் ஆக்டனுடையது, வாங்கி வீடு கட்டியவர்களுக்கு மனை விற்றவரும் ஆக்டன், இரண்டையும் இணைக்கப் பாதை போட்டதும் அவர் தலைமை வகித்து வளர்த்த சிகாகோ–நார்த்வெஸ்டர்ன் ரயில்வே.

1856 இல் அவரும் கூட்டாளிகளும் பெஷ்டிகோவில் மர ஆலையை வாங்கினார்கள். பிறகு அங்கே வாளி, தொட்டி, துடைப்பக் காம்பு, துணிக்கவ்வி, கூரைச்சில்லு எல்லாம் செய்யும் மரச்சாமான் தொழிற்சாலை எழுந்தது. அமெரிக்காவிலேயே பெரியது என்று பெருமை பேசினார்கள். ஊரில் எங்கே பார்த்தாலும் மரத்தூள். தெருப்புழுதி அடங்குவதற்கும் அதையே கொட்டினார்கள். 1871 கோடையில் மழை அறவே பொய்த்தது. வெட்டிய மரங்களின் கிளையும் சருகும் காடெங்கும் குவிந்து காய்ந்தன. கிரீன்பேயிலிருந்து வடக்கே பாதையை நீட்டிக்கொண்டிருந்த ரயில்வேக் கூலிகளும், நிலம் திருத்திய குடியானவர்களும் அவற்றை அங்கங்கே கொளுத்தினார்கள். செப்டம்பர் முழுவதும் காடு புகைந்துகொண்டேயிருந்தது. அக்டோபர் 8 இரவில் தெற்கிலிருந்து பெருங்காற்று கிளம்பி, அந்தச் சிறு நெருப்புகளையெல்லாம் ஒன்று சேர்த்து ஊரின்மேல் தள்ளியது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பச்சை மரத்தால் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீடு மட்டும் மிச்சம்.

தீயின் நினைவாக உள்ள காட்சிச்சாலை, பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் முறைவைத்துக்கொண்டு வந்து அதைப் பார்த்துக்கொள்கிறார்கள், அன்று வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி என்னைக் கண்டதும், "எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள் ஐயா?" என்று வியப்போடு விசாரித்துவிட்டு, வேறெதையும் காட்டாமல் நேரே ஒரு கண்ணாடிப் பேழையின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே இருந்தது, கத்தோலிக்கக் கோவிலின் நற்கருணைப் பேழை. மரத்தாலான சிறிய பெட்டி. பங்குக் குருவாகிய பெர்னின் சுவாமி அதை வண்டியில் ஏற்றி, நெருப்புக் காற்றில் தள்ளாடித் தள்ளாடி இழுத்துவந்து, ஆற்றில் வண்டியோடு தள்ளிவிட்டுத் தாமும் நீரில் இறங்கினார். ஆடு மாடுகளும் மனிதர்களும் கழுத்தளவு நீரில் நெருக்கியடித்து நின்று, ஓயாமல் தலையில் நீரை வாரி ஊற்றிக்கொண்டே விடியும் மட்டும் பொழுதைக் கழித்தார்கள். மேலே நெருப்பு, கீழே அக்டோபர் மாதத்து ஆற்றின் குளிர். குளிரில் விறைத்துச் செத்தவர்களும் உண்டு. சில நாள் கழித்து அந்தப் பெட்டி கருகாமல் கண்டெடுக்கப்பட்டது. "மரம், ஐயா, மரம்! இரும்பே உருகிப்போன இடத்தில்!" என்றார் மூதாட்டி.

பக்கத்திலேயே மயானம். அடையாளம் தெரியாத சுமார் 350 பேரை ஒன்றாகப் புதைத்த இடத்தில், 1951 இல் நாட்டிய பலகை நிற்கிறது. விஸ்கான்சின் மாகாணத்தின் முதல் சரித்திரப் பலகை அதுதான். பெஷ்டிகோவில் மாத்திரம் ஏறக்குறைய 800 பேரும், சுற்றுவட்டாரமெல்லாம் சேர்த்து 1,200 முதல் 2,400 வரையிலும் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். பெயர் சொல்லி அடையாளம் காட்ட ஆள் மிஞ்சாதபோது கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? சிகாகோவைவிடப் பல மடங்கு அதிகமான சாவு. ஆனால் உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் சிகாகோதான். அங்கே பத்திரிகைகள் இருந்தன, இங்கே தந்திக் கம்பியும் எரிந்துபோயிருந்தது. செய்தி மாகாணத் தலைநகராகிய மாடிசனுக்கு எட்டியபோது கவர்னர் ஃபேர்சைல்டும் அதிகாரிகளும் சிகாகோவின் உதவிக்குப் போய்விட்டார்கள். கவர்னரின் இருபத்துநான்கு வயது மனைவி பிரான்ஸஸ், சிகாகோவுக்குப் புறப்படத் தயாராக நின்ற நிவாரணச் சரக்கு வண்டியைத் தம் பொறுப்பில் வடக்கே திருப்பி அனுப்பினார். அதில் கம்பளிகள் இல்லையென்று கண்டு, ஊர்ப் பெண்களிடம் கேட்டு வாங்கித் திணித்தார். யாரிடமும் அதிகாரம் கேட்டு அவர் காத்திருக்கவில்லை.

ஆக்டனும் சிகாகோவின் சாம்பலை விட்டு இங்கே வந்தார். அறுபத்தாறு வயது, இரண்டு ஊர்களிலும் சேர்ந்து பல லட்சம் டாலர் நஷ்டம். மழையிலும் சேற்றிலும் வாரக்கணக்காகத் தங்கி, பிழைத்தவர்களுக்கு வேலை கொடுத்து, ஆலையையும் ஊரையும் திரும்பக் கட்டுவதாக வாக்களித்தார். ஏரிமுகத்துத் துறைமுகத்தில் இருந்த அறுவை ஆலை தப்பியிருந்ததால் மரவேலை தொடர்ந்தது. ரயில் பாதையும் நீண்டது. ஆனால் அந்தப் பெரிய மரச்சாமான் தொழிற்சாலை மறுபடி எழவேயில்லை. கொளுத்திய கூலிக்குக் கட்டளையிட்ட ரயில்வேயின்மேல் வழக்குத் தொடுக்கவோ, கேள்வி கேட்கவோ அக்காலத்து மனிதர்களுக்குத் தோன்றவில்லை போலும். காட்டை வெட்டுவதும் எரிப்பதும் அவர்களுக்கு அபிவிருத்தியின் முதல் படி. பெஷ்டிகோவில் அவர் சேற்றில் நின்ற வாரங்களை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். அந்தத் தீக்கு வேண்டிய விறகை அடுக்கியதில் அவர் கம்பெனிகளுக்குப் பங்கு இருந்ததையும் மறைக்கமாட்டேன்.

1875 இல், எழுபதை எட்டும் தறுவாயில், எல்மைராவைச் சேர்ந்த மரியானா ஆர்னாட் என்ற அம்மையாரை மணந்துகொண்டு நியூயார்க்கில் ஹார்லம் நதிக்கரையில் உள்ள தம் மாளிகையில் குடியமர்ந்தார். 1877 ஆகஸ்டு 3 ஆம் தேதி காலமானார். அடக்கம் செய்தது சிகாகோவிலும் அல்ல, பெஷ்டிகோவிலும் அல்ல, நியூயார்க்கின் உட்லான் மயானத்தில். குழந்தைகள் இல்லை. தர்மத்துக்கென்று அவர் விட்டுச்சென்ற பொருளில் பெரும்பகுதியைப் பின்னால் அவர் சொத்தின் பொறுப்பாளர்கள் புதிதாகத் தோன்றிய சிகாகோ சர்வகலாசாலைக்கு வழங்க, அங்கே ஆக்டன் பெயரால் விஞ்ஞான உயர்கல்விப் பகுதி ஏற்பட்டது.

காட்சிச்சாலை மூதாட்டியிடம் விடைபெறும்போது, "ஆக்டனைப் பற்றி இங்கே என்ன பேசுகிறார்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்தார். "கம்பெனிக்காரர் என்பார்கள். அவ்வளவுதான், ஐயா," என்று சொல்லி, வருகைப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுதும்படி கேட்டுக்கொண்டார்.